ஊக்கி மருந்தும் எலியின் கவனமும்: மருந்தளவு வழியே ஒரு வரலாறு

1937இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில், எம்மா பெண்டில்டன் பிராட்லி இல்லம் என்ற குழந்தைகள் மனநல விடுதியில், மருத்துவர் சார்லஸ் பிராட்லி 30 குழந்தைகளுக்கு ஒரு வாரம் பென்சிட்ரின் கொடுத்தார். ஆம்பெடமைனின் வணிகப் பெயர் அது. அந்த வாரத்தில் 14 குழந்தைகளின் படிப்பு வியக்கத்தக்க அளவுக்கு மேம்பட்டது. துடிப்பும் சண்டையுமாக இருந்த பலர் அடங்கி அமர்ந்தனர். சுறுசுறுப்பைக் கூட்டும் என்று அறியப்பட்ட மருந்து குழந்தையை எப்படி அடக்கியது என்ற கேள்விக்கு பிராட்லியிடம் உறுதியான விடை இல்லை. அந்த விடையைத் தேடி ஆய்வுக்கூடங்கள் புறாக்களிடமும் எலிகளிடமும் சென்றன. அத்தேடல் பல பத்தாண்டுகள் தடம் மாறி நின்றதற்கு முதன்மைக் காரணம் மருந்தளவு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

விலங்குகளிடம் முதலில் கண்ணில் பட்டது கவனம் அன்று, ஓட்டம்தான். ஆம்பெடமைன் ஊசி போட்ட எலி கூண்டைச் சுற்றிச் சுற்றி ஓடும். அளவைக் கூட்டினால் ஓட்டம் நின்று, ஒரே மூலையில் முகர்வதும் நக்குவதும் கம்பியைக் கடிப்பதுமாக மணிக்கணக்கில் கிடக்கும். 1960களில் டென்மார்க்கில் ராண்ட்ரூப்பும் முன்க்வாடும் இந்த ஒரே செயல் திரும்பத் திரும்ப நிகழும் நிலையை விரிவாகப் பதிவுசெய்து, மூளை நரம்புகளின் வேதித் தூதுப்பொருளான டோபமைனோடு இணைத்தனர். டோபமைன் ஆய்வுக்கு அது பெரும் பங்களிப்பு. ஆனால் மருந்து குழந்தைக்கு என்ன செய்கிறது என்பதற்கு அந்த எலியால் சாட்சி சொல்ல முடியாது. அது வாங்கிய அளவு வேறு, குழந்தை விழுங்கிய அளவு வேறு. குழந்தை அடங்குகிறது, எலி வெறிகொள்கிறது என்று இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தவர்கள், துடிப்பு மிகுந்த குழந்தையின் மூளையே மருந்துக்கு நேர்மாறாக வேலை செய்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். அந்த முடிவு பாடநூல்களிலும் இடம்பிடித்தது.

அதை அசைக்கும் சான்று முன்பே புறாக்களிடமிருந்து கிடைத்திருந்தது. ஹார்வர்ட் மருந்தியலாளர் பீட்டர் டியூஸ் 1958இல் வெளியிட்ட ஆய்வில், தானியத்துக்காகப் பொத்தானைக் கொத்தும் புறாக்களுக்கு மெத்தாம்பெடமைன் கொடுத்தார். மெதுவாகக் கொத்த வேண்டிய கட்டத்தில் மருந்து வேகத்தைக் கூட்டியது. விரைவாகக் கொத்தும் கட்டத்தில் அதே மருந்து வேகத்தைக் குறைத்தது. மருந்து கூட்டுமா குறைக்குமா என்பது, மருந்துக்கு முன் அந்த உயிர் எந்த வேகத்தில் இருந்தது என்பதைப் பொறுத்தது. 1979இல் டிரெவர் ராபின்ஸும் பார்பரா சகாக்கியனும் இந்த விதியைக் கையிலெடுத்து, மிகை இயக்கமுள்ள குழந்தை அடங்குவதை விளக்க நேர்மாறான மூளை எதுவும் தேவையில்லை என்று வாதிட்டனர். அதற்கு ஓராண்டு முன்னரே ஜூடித் ராப்பபோர்ட்டின் குழு எந்தக் கோளாறும் இல்லாத 14 சிறுவர்களுக்கு ஒருமுறை மட்டும் டெக்ஸ்ட்ரோ ஆம்பெடமைன் கொடுத்துப் பார்த்திருந்தது. அவர்களும் அமைதியாயினர், அவர்களின் கவனமும் கூடியது. இந்த வரலாற்றில் இதைவிடத் தெளிவான ஒரு பரிசோதனை இல்லை என்பது என் கருத்து.

எனினும் எலியின் கவனத்தை அளக்க ஒரு கருவி வேண்டியிருந்தது. நெம்புகோலை எத்தனை முறை அழுத்தியது என்ற கணக்கு வேகத்தைச் சொல்லும், கவனத்தைச் சொல்லாது. 1983இல் கேம்பிரிட்ஜில் கார்லி, ராபின்ஸ், எவெண்டன், எவரிட் ஆகியோர், மனிதருக்கென வகுக்கப்பட்டிருந்த ஒரு சோதனையை எலிக்கு ஏற்ப மாற்றி வெளியிட்டனர். ஐந்து துளைச் சோதனை என்று அதை அழைக்கலாம். பெட்டியின் வளைந்த சுவரில் வரிசையாகத் துளைகள், ஒவ்வொன்றினுள்ளும் ஒரு சிறு விளக்கு. எதிர்ச் சுவரில் தீனித் தட்டு. எலி தட்டின் மூடியைத் தள்ளியதும் கணக்குத் தொடங்கும். ஐந்து நொடி காத்திருக்க வேண்டும். பிறகு ஏதோ ஒரு துளையில் அரை நொடி மட்டும் விளக்கு எரிந்து அணையும். அந்தத் துளைக்குள் எலி மூக்கை நுழைத்தால் 45 மில்லிகிராம் எடையுள்ள சர்க்கரைத் தீனி ஒன்று விழும். தவறினால் பெட்டி சற்று நேரம் இருட்டாகும். ஓர் அமர்வில் இப்படி நூறு முறை நடக்கும். இதைக் கற்றுத் தேர எலிக்கு வாரங்கள் பிடிக்கும்.

இந்தப் பெட்டியின் அருமை, பிழைகளை அது வகைபிரித்துக் காட்டுவதில் இருக்கிறது. தவறான துளையில் மூக்கை நுழைத்தால் அது கவனப் பிழை. விளக்கு எரியும் முன்பே நுழைத்தால் அது அவசரம். எதுவும் செய்யாமல் விட்டால் சோர்வாகவோ பசியின்மையாகவோ இருக்கலாம். ஊக்கி மருந்துகள் பசியைக் கெடுப்பவை என்பதால் கடைசிச் செய்தி முக்கியமானது. தீனியை எடுக்க எலி எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்பதையும் பெட்டி பதிவுசெய்வதால், பசி மங்கியதா, கவனம் மங்கியதா என்று ஓரளவு பிரித்தறியலாம். ராபின்ஸும் கோலும் 1980களின் பிற்பகுதியில் இதில் ஆம்பெடமைனைச் சோதித்தபோது பெரிதும் கூடியது அவசரப் பிழைதான். மூளையின் அடிப்பகுதியில் நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் எனப்படும் பகுதியின் டோபமைன் நரம்புகளை அழித்துவிட்டால், மருந்து தூண்டும் அந்த அவசரம் தணிந்தது. நன்கு பழகிய எலியின் துல்லியத்தில் மருந்து பெரிய முன்னேற்றம் எதையும் காட்டவில்லை. குழந்தைக்கு உதவும் மருந்து எலிக்கு உதவவில்லையே என்ற ஏமாற்றம் அன்றைய ஆய்வாளர்களுக்கு இருந்திருந்தால் அது இயல்பே.

இடையில் கவனக் கோளாறுள்ள எலியையே உருவாக்கும் முயற்சிகளும் நடந்தன. 1976இல் ஷேவிட்ஸ் குழு பிறந்த சில நாள் எலிக்குட்டிகளின் டோபமைனை வேதிப்பொருளால் அழித்தது. ஜப்பானில் உயர் இரத்த அழுத்த ஆய்வுக்காக ஒகமோட்டோவும் அயோகியும் 1963இல் அறிமுகப்படுத்திய எலி வகையை, நார்வேயின் சாக்வோல்டன் கவனக் கோளாறுக்கு மாதிரியாக முன்வைத்தார். 1999இல் டோபமைனை மீட்டெடுக்கும் புரதமே இல்லாத சுண்டெலிகளை ஊக்கி மருந்து அமைதிப்படுத்துகிறது என்று கெய்னெட்டினோவ், கேரன் குழு அறிவித்து, செரட்டோனின் என்ற மற்றொரு தூதுப்பொருள் வழியாக அதை விளக்கியது. குழந்தைகளுக்குத் தரப்படும் ஊக்கி மருந்தான மெத்தில்ஃபெனிடேட் பிடிக்க வேண்டிய முதன்மை இலக்கே இல்லாத விலங்கு அது. அதன் அமைதியை, அந்தப் புரதம் உள்ள குழந்தையின் அமைதிக்கு விளக்கமாக நீட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

திருப்பம் 2000க்குப் பின் வந்தது, அதுவும் மருந்தளவைச் சரிசெய்ததால் வந்தது. மெத்தில்ஃபெனிடேட் 1944இல் சீபா நிறுவனத்தின் வேதியியலாளர் லியாண்ட்ரோ பனிசோன் தயாரித்த பொருள். தன் மனைவி ரீட்டாவின் பெயரால் அதற்கு ரிட்டலின் என்று பெயரிட்டார். எலியின் உடல் இம்மருந்தை மனித உடலைவிட விரைவாகச் சிதைத்துவிடும். ஆகவே உடல் எடைக்கு இத்தனை மில்லிகிராம் என்ற ஒப்பீடு மட்டும் போதாது, இரத்தத்தில் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்க வேண்டும். குசென்ஸ்கியும் சீகலும் அந்தக் கணக்கை முன்னிறுத்தி, சிகிச்சை பெறும் குழந்தையின் இரத்த அளவுக்கு ஈடான சிறு அளவில் எலி ஓடத் தொடங்குவதில்லை என்று காட்டினர். 2006இல் விஸ்கான்சினில் கிரெய்க் பெரிட்ஜின் குழு அத்தகைய அளவில், அதாவது கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் ஊசியாகவோ 2 மில்லிகிராம் வாய்வழியாகவோ கொடுத்து மூளைக்குள் அளந்தது. நெற்றிப் பக்க மூளைப் புறணியில் நார்அட்ரினலின், டோபமைன் என்ற இரு தூதுப்பொருள்களும் கணிசமாகக் கூடின. அக்கும்பென்ஸில் கூடியது மிகக் குறைவு. அவசரத்தைத் தூண்டும் பகுதியைப் பெரிதாகத் தொடாமல், கவனத்தைக் காக்கும் பகுதியை மருந்து எட்டியது.

ஏமி ஆர்ன்ஸ்டனும் அன் டட்லியும் 2005இல் இதன் செயல்முறையை இன்னும் நெருங்கிக் காட்டினர். டி வடிவப் பாதையில் எலி முந்தைய முறை எப்பக்கம் திரும்பியது என்பதை நினைவில் வைத்து, அடுத்த முறை மறுபக்கம் திரும்ப வேண்டும். சிறு அளவு மெத்தில்ஃபெனிடேட் இதில் எலிக்கு உதவியது. நார்அட்ரினலினின் ஆல்ஃபா 2 ஏற்பியையோ டோபமைனின் டி1 ஏற்பியையோ அடைத்துவிட்டால் அந்த உதவி மறைந்தது. அளவைக் கூட்டினால் எலி ஒரே பக்கமே திரும்பிக்கொண்டிருந்தது. டேனிஷ் ஆய்வுக்கூடத்தில் கம்பியைக் கடித்துக் கிடந்த எலியின் நிலைக்கு இது முதல் படி என்று நான் கருதுகிறேன்.

வளரும் வயதில் தொடர்ந்து கொடுத்தால் என்ன ஆகும் என்பது இன்னும் தீராத பகுதி. 2002இல் ஆண்டர்சன் குழுவும் 2003இல் கார்லிசான் குழுவும் இளம் எலிகளுக்கு மெத்தில்ஃபெனிடேட் கொடுத்து, அவை வளர்ந்தபின் சோதித்தன. கொக்கேனின் ஈர்ப்பு குறைந்திருந்தது. கூடவே மனச்சோர்வை ஒத்த அறிகுறிகளும் தென்பட்டன. இந்த முடிவுகளைப் பெற்றோர் கேள்விப்பட்டால் கலங்குவது நியாயம். ஆனால் அந்த எலிகள் மருந்தை ஊசிவழிப் பெற்றன. ஊசி இரத்த அளவைச் சட்டென உயர்த்தும், வாய்வழி மாத்திரை மெல்ல உயர்த்தும். கவனக் கோளாறு எதுவும் இல்லாத குட்டிகள் என்பதையும் மறக்கலாகாது. ஆகவே இத்தகைய ஆய்வு ஒவ்வொன்றும், எடைக்கு எவ்வளவு மருந்து என்பதோடு நிறுத்தாமல், எந்த வழியில் கொடுத்தது, அந்த நேரத்தில் இரத்தத்தில் எவ்வளவு இருந்தது என்பவற்றையும் அளந்து அச்சிட வேண்டும். அந்த எண்கள் இல்லாத ஆய்வைக் குழந்தையின் மருந்துச் சீட்டுக்குச் சான்றாகக் கொள்ளலாகாது.