முகமூடி வீரனும் காலத்தின் அச்சமும்

வரலாற்றுச் சான்று என்றவுடன் கல்வெட்டையும் செப்பேட்டையும் நினைப்பது நம் வழக்கம். மாணவர்களே, பழைய திரைப்படமும் சான்றாகும் என்பேன்.

பேட்மேன், 1939இல் அமெரிக்கச் சித்திரக்கதை இதழில் பிறந்தவன். வௌவால் உடை தரித்து இரவில் குற்றவாளிகளைத் தேடும் செல்வந்தன். 1943இல் அவன் கதையைப் பதினைந்து பகுதிகள் கொண்ட தொடர்படமாக எடுத்தனர். அப்போது ஜப்பானுடன் போர். ஆகவே வீரன் அரசாங்கத்தின் இரகசிய ஊழியனானான். பகைவன் டாக்டர் டாக்கா என்னும் ஜப்பானிய ஒற்றன். அவ்வேடம் தாங்கியவரோ அயர்லாந்து வழிவந்த அமெரிக்க நடிகர் ஜே. கரோல் நெய்ஷ்!

அந்நாட்டில் வாழ்ந்த ஜப்பானிய மரபினர் ஏறத்தாழ 1,20,000 பேரை அரசு 1942 முதல் வீடுகளினின்றும் அகற்றி முகாம்களில் அடைத்தது. அவருள் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்களே. அச்செயலை அறிவுடைய அரசின் செயலென்று படத்தின் பின்னணிக் குரல் புகழ்கிறது. இத்தகைய தொடர்படங்களைச் சிறுவர்களே மிகுதியும் கண்டனர் என்பதையும் மறவாதீர்கள்.

1966இல் தொலைக்காட்சியில் ஆடம் வெஸ்ட் நடிக்க, அவ்வீரன் நகைச்சுவைப் பாத்திரமானான். 1989இல் டிம் பர்ட்டன் இயக்கிய படத்திலோ அவன் பெற்றோரை இழந்த துயர் ஆறாத தனியன். பகைவனும் அயல்நாட்டான் அல்லன். அதே நகரத்துக் கொலைகாரன். அதற்கு முந்தைய ஆண்டில்தான், 1988இல், அமெரிக்க அரசு அம்முகாம்களுக்காகச் சட்டம் இயற்றி மன்னிப்புக் கோரியது. உயிருடன் எஞ்சியிருந்தோர்க்குத் தலைக்கு 20,000 டாலர் வழங்கவும் இசைந்தது.