அணிச் சேர்க்கை: தமிழ்நாடு பிரீமியர் லீக்கும் கிருஷ்ணகிரி எல்லைப் பகுதியும்

அணிச் சேர்க்கை என்பது ஒரு விளையாட்டு அணி தனக்குரிய வீரர்களைத் தேர்ந்தெடுத்து, விலை பேசி, தக்கவைத்து, தேவைப்பட்டால் வேறு அணிக்குக் கொடுத்து மாற்றிக்கொள்ளும் நடைமுறைகளின் தொகுப்பு. அமெரிக்க பேஸ்பாலில் இது நூறாண்டுக்கு மேல் வளர்ந்த தனிக் கலை. தமிழ்நாட்டில் இதற்கு நெருங்கிய எடுத்துக்காட்டு 2016-இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக். சுருக்கமாக டிஎன்பிஎல். டிராஃப்ட், ஏலம், தக்கவைப்பு, பணவரம்பு ஆகிய நான்கையும் அது சில ஆண்டுகளுக்குள் பார்த்துவிட்டது. ஒசூர், கிருஷ்ணகிரி, சூளகிரி, பர்கூர் என நீளும் தொழிற்பட்டைக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு: ஆட்டக்காரன் எந்த மாநிலச் சங்கத்தில் பதிவு செய்திருக்கிறான் என்பதுதான் அவன் எந்தப் பட்டியலில் வருவான் என்பதை முடிவு செய்கிறது.

முன் வரலாறு

ஏலம் வருவதற்கு வெகுகாலம் முன்பே சென்னையில் அணிச் சேர்க்கை நடந்துகொண்டிருந்தது. அப்போது விலை என்பது வேலை. 1888-இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கிய புச்சி பாபு நாயுடு, தம் செலவில் இந்திய ஆட்டக்காரர்களைத் திரட்டினார். மட்டை, காலணி, சாப்பாடு எல்லாம் அவர் கணக்கு. ஐரோப்பியர்களின் அணிக்கு எதிராக ஆடத்தக்க ஓர் இந்திய அணியை அமைப்பதே அவர் நோக்கம். அந்த வகையில் தமிழகத்தின் முதல் அணி உரிமையாளர் என்று அவரைச் சொல்வதில் தவறில்லை.

புரவலர் இருந்த இடத்தில் பின்னாளில் நிறுவனம் வந்து அமர்ந்தது. சென்னை முதல் டிவிஷன் லீக்கில் சன்மார் குழுமத்தின் ஜாலி ரோவர்ஸ், இந்தியா சிமென்ட்ஸ் ஆதரித்த அணிகள், எம்ஆர்எஃப் ஆகியவை வீரர்களுக்குச் சம்பளத்தோடு வேலை கொடுத்துத் தங்கள் அணிக்குள் கொண்டுவந்தன. காலையில் அலுவலகக் கையெழுத்து, பிற்பகலில் வலைப்பயிற்சி. மாதச் சம்பளமும் பணி நிரந்தரமும் ஓய்வூதியமும் இருந்ததால் நடுத்தரக் குடும்பங்கள் கிரிக்கெட்டைப் பிழைப்பாக ஏற்றுக்கொண்டன. இந்த வலை மாநில எல்லையைத் தாண்டியும் விரிந்தது. பெங்களூருவின் ராகுல் திராவிட் இந்தியா சிமென்ட்ஸ் ஊழியராக இருந்தவர். ராஞ்சியின் மகேந்திர சிங் தோனியும் அதே நிறுவனத்தின் ஊதியப் பட்டியலில் இருந்தார்.

இந்த முறையில் ஒசூருக்கு ஏன் இடம் கிடைக்கவில்லை என்பதற்கு விடை நிலவரைபடத்தில் இருக்கிறது. சிப்காட் தொழிற்பேட்டை, டிவிஎஸ் மொபெட் ஆலை, அசோக் லேலண்ட், டைட்டன் ஆகியவை 1970-களிலும் 80-களிலும் ஒசூருக்கு வந்தன. ஆனால் டிவிஎஸ், லேலண்ட் இரண்டின் தலைமை அலுவலகமும் சென்னையில். டைட்டனின் தலைமை அலுவலகம் பெங்களூருவில். ஆலை ஓரிடத்திலும் அதிகாரம் வேறிடத்திலும் இருந்தன. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆளெடுக்கும் முடிவு அதிகாரம் இருக்கும் இடத்தில்தான் எடுக்கப்படும். ஷிப்டு முறையில் இயங்கும் ஆலையில் பந்து வீசுகிறவனுக்கு மாலை நான்கு மணிக்கு மைதானம் கிடைப்பதும் அரிது. தொழில் வளர்ந்த அளவுக்கு இந்தப் பகுதியில் கிரிக்கெட் அமைப்பு வளராமல் போனதற்கு மக்களின் ஆர்வக்குறைவு காரணமல்ல.

சென்னை நிறுவன மரபு முழுத் தொழில்முறை அணிச் சேர்க்கையாக மாறிய இடத்தில் வி. பி. சந்திரசேகர் நிற்கிறார். 1987-88 ரஞ்சிக் கோப்பையை வென்ற தமிழக அணியின் தொடக்க ஆட்டக்காரர் அவர். அதையடுத்த இரானிக் கோப்பை ஆட்டத்தில் 56 பந்துகளில் சதம் அடித்தவர். 2008-இல் இந்தியன் பிரீமியர் லீக் (ஐபிஎல்) தொடங்கியபோது சென்னை சூப்பர் கிங்ஸின் முதல் அணியை அமைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. தோனியை எடுத்தே ஆக வேண்டும் என்று உரிமையாளரிடம் வாதாடியவர் அவரே. பின்னர் டிஎன்பிஎல்லில் காஞ்சி வீரன்ஸ் அணியின் உரிமையாளரானார். 2019 ஆகஸ்டில் மறைந்தார்.

2008: ஏலமும் டிராஃப்டும்

முதல் ஐபிஎல் ஏலம் 2008 பிப்ரவரி 20 அன்று மும்பையில் நடந்தது. அணிக்கு 50 லட்சம் டாலர் வரம்பு. டெண்டுல்கர், திராவிட், கங்குலி, யுவராஜ், சேவாக் ஆகியோர் தத்தம் நகர அணிகளின் ‘ஐகான்’ வீரர்களாக முன்கூட்டியே ஒதுக்கப்பட்டனர். ஏலத்தில் அந்த அணி அதிகபட்சமாக யாருக்குக் கொடுக்கிறதோ, அதைவிட 15 விழுக்காடு கூடுதலாக ஐகானுக்குக் கொடுக்க வேண்டும் என்பது விதி. சென்னைக்கு ஐகான் இல்லை. அன்று குறையாகத் தெரிந்தது, கணக்குப் போட்டுப் பார்த்தால் வரமாக இருந்தது. ஐகான் உள்ள அணி தோனிக்கு 15 லட்சம் டாலர் கொடுத்திருந்தால், தன் ஐகானுக்கும் 17.25 லட்சம் டாலர் எடுத்துவைக்க வேண்டியிருக்கும். இரண்டு பேருக்கே வரம்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போயிருக்கும். சென்னை 15 லட்சத்தோடு தோனியை எடுத்துக்கொண்டு மிச்சப் பணத்தில் மற்றவர்களைச் சேர்த்தது.

அதே ஆண்டு 19 வயதுக்குட்பட்டோருக்கு ஏலம் வைக்கவில்லை, டிராஃப்ட் வைத்தார்கள். அணிகள் முறை வைத்து ஒவ்வொருவராக எடுத்தன. சம்பளம் முன்பே நிர்ணயிக்கப்பட்டது. டெல்லி, விராட் கோலியை விட்டுவிட்டு வேகப்பந்து வீச்சாளர் பிரதீப் சங்வானை எடுத்தது. கோலி பெங்களூருவுக்குப் போனார். ஒசூர்ப் பேருந்து நிலையத்திலிருந்து 40 கிலோமீட்டரில் உள்ள சின்னசாமி அரங்கத்துக்கு அவர் வந்து சேர்ந்தது டெல்லியின் கணக்கால்தான். அந்த வயதில் பந்துவீச்சாளரை முன்னே எடுப்பது அன்றைய நிலையில் மோசமான முடிவு என்று சொல்ல முடியாது. டெல்லியின் மட்டை வரிசையில் சேவாக், கம்பீர் என இடம் நிரம்பியிருந்தது.

டிராஃப்ட் முறையின் மூலம் அமெரிக்கா. தேசியக் கால்பந்து லீக்கில் பிலடெல்பியா உரிமையாளர் பெர்ட் பெல்லின் யோசனைப்படி 1936-இல் முதல் டிராஃப்ட் நடந்தது. முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் அந்த லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. பேஸ்பால் 1965-இல்தான் இதற்கு வந்தது. கடைசி இடத்தில் முடித்த அணிக்கு முதலில் எடுக்கும் உரிமை என்பதே இதன் சாரம். பணக்கார அணி எல்லாரையும் வாரிக்கொள்ளாமல் தடுக்க வேறு வழி அவர்களுக்குத் தெரியவில்லை. பேஸ்பாலில் இன்றும் உறுதியான சம்பள உச்சவரம்பு கிடையாது. வரம்பைத் தாண்டினால் வரி மட்டும் உண்டு. 2002-இல் சிறிய சம்பளப் பட்டியலோடு ஆடிய ஓக்லண்ட், அதைப்போல் மூன்று மடங்கு செலவழித்த நியூயார்க் யாங்கீஸுக்கு இணையாக வெற்றிகளைக் குவித்தது. மற்றவர்கள் மதிக்காத திறன்களை மலிவாக வாங்குவதே அதன் வழி.

டிஎன்பிஎல்

தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் நடத்தும் இந்த லீக் 2016 ஆகஸ்டில் எட்டு அணிகளுடன் தொடங்கியது. சென்னையைத் தவிர திண்டுக்கல் அருகே நத்தத்திலும் திருநெல்வேலி சங்கர் நகரிலும் ஆட்டங்கள் நடந்தன. முதல் ஆறு பருவங்களுக்கு வீரர்கள் டிராஃப்ட் வழியே பிரிக்கப்பட்டனர். அனுபவத்தை வைத்து வகை பிரித்து, வகைக்கு ஒரு சம்பளம் என்று நிர்ணயித்தார்கள். இந்தியாவுக்கு ஆடியவருக்கு ஒரு தொகை, மாவட்டத்திலிருந்து முதன்முறை வருபவருக்கு ஒரு தொகை. யாருக்காகவும் விலை ஏறாது.

இந்த ஆண்டுகளில்தான் லீக் தன் பெயருக்கு உண்மையாக இருந்தது. சேலம் சின்னப்பம்பட்டியின் டி. நடராஜன் திண்டுக்கல் அணிக்கு யார்க்கர் வீசி 2017 ஐபிஎல் ஏலத்தில் 3 கோடி ரூபாய்க்குப் போனார். அவருடைய அடிப்படை விலை 10 லட்சம். கட்டடக்கலை படித்த வருண் சக்கரவர்த்தி 2018-இல் மதுரைக்கு ஆடிவிட்டு அதே ஆண்டு டிசம்பரில் 8.4 கோடிக்கு விலைபோனார். டிராஃப்டில் அணித் தேர்வாளர்கள் கடைசிச் சுற்றுகளில் தெரியாத பெயர்களை எடுத்தே ஆக வேண்டியிருந்தது. அந்தக் கட்டாயத்தின் பலன் வெளிமாவட்டங்களுக்குக் கிடைத்தது.

பிற மாநில வீரர்களைச் சேர்க்க 2018-இல் சங்கம் முயன்றது. உச்ச நீதிமன்றம் நியமித்த நிர்வாகக் குழு அதை அனுமதிக்கவில்லை. சங்கத்துக்கு அது ஏமாற்றம். மாவட்ட ஆட்டக்காரர்களுக்கு நல்லதாகவே முடிந்தது. பெருந்தொற்றால் 2020 போட்டி நடக்கவில்லை. 2021-இல் காரைக்குடி, தூத்துக்குடி, காஞ்சி அணிகளுக்குப் பதில் முறையே திருப்பூர், சேலம், நெல்லைப் பெயர்கள் வந்தன.

2023 பிப்ரவரி 23, 24 தேதிகளில் மாமல்லபுரத்தில் முதல் ஏலம் நடந்தது. அணிக்கு 70 லட்சம் ரூபாய். குறைந்தது 16 பேர், அதிகபட்சம் 20 பேர். தக்கவைத்த வீரர்களின் தொகை இதிலிருந்தே கழியும். சாய் சுதர்சனைக் கோவை 21.6 லட்சத்துக்கு எடுத்தது. ஐபிஎல்லில் குஜராத் அவருக்கு அப்போது கொடுத்துவந்தது 20 லட்சம். மாநில லீக் விலை தேசிய லீக் விலையைத் தாண்டிய வேடிக்கை இது. ஆனால் கோவையின் கணக்கேட்டைப் பாருங்கள். ஒருவருக்கு வரம்பில் 31 விழுக்காடு போனபின் மிஞ்சியது 48.4 லட்சம், குறைந்தபட்ச 15 பேருக்கு அதைப் பிரித்தால் தலைக்கு 3.2 லட்சம். அந்த ஆண்டு கோப்பையையும் கோவையே வென்றதால் இந்தச் சூதாட்டம் புத்திசாலித்தனம் என்று பெயர் பெற்றது. நடராஜன் திருச்சிக்கு 6.25 லட்சத்துக்கும், வாஷிங்டன் சுந்தர் மதுரைக்கு 6.75 லட்சத்துக்கும் போனார்கள். இந்தியாவுக்கு ஆடியவர்கள் இவ்வளவு மலிவாகப் போனதற்குக் காரணம், அவர்கள் எத்தனை ஆட்டத்துக்கு வருவார்கள் என்பது உறுதியில்லை என்பதே. களத்தில் இல்லாத நட்சத்திரத்துக்கு எந்த அணியும் பணம் பூட்டாது.

பரிமாற்றம்

பரிமாற்றம் என்பது ஒரு வீரரை மற்றொருவருக்கோ பணத்துக்கோ மாற்றிக்கொள்வது. பேஸ்பாலில் 1969-இல் செயின்ட் லூயிஸ் அணியின் கர்ட் ஃபிளட் தன்னைக் கேட்காமல் பிலடெல்பியாவுக்கு மாற்றியதை ஏற்க மறுத்து உச்ச நீதிமன்றம் வரை போனார், 1972-இல் தோற்றார். ஐபிஎல்லில் வீரரின் சம்மதம் தேவை. 2009-இல் மும்பையின் ராபின் உத்தப்பாவும் பெங்களூருவின் ஜாகீர் கானும் இடம் மாறியது தொடக்ககாலப் பரிமாற்றங்களுள் ஒன்று. 2019 நவம்பரில் ஆர். அஸ்வினை டெல்லிக்குக் கொடுத்த பஞ்சாப், கர்நாடகச் சுழற்பந்து வீச்சாளர் ஜெ. சுசித்தையும் 1.5 கோடி ரூபாயையும் பெற்றது. 2023-இல் ஹார்திக் பாண்டியாவை மும்பை வாங்கியபோது அவர் சம்பளம் 15 கோடி வரம்புக்குள் வரவேண்டியிருந்தது. அந்த இடத்தை உண்டாக்க 17.5 கோடி சம்பளத்திலிருந்த கேமரூன் கிரீனை மும்பை பெங்களூருவுக்கு அனுப்பியது. அணிகளுக்கிடையே கைமாறும் கட்டணமோ வரம்பில் சேராது. பணவரம்பு என்ற வேலியில் இவ்வளவு பெரிய வாசல் இருப்பதைப் பணக்கார அணிகள் மட்டுமே பயன்படுத்த முடியும்.

எல்லைப் பகுதி

2004-இல் தருமபுரியிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பெயரில் டிஎன்பிஎல் அணி கிடையாது. மிக அருகில் உள்ளது சேலம் அணி; அதன் ஆட்டங்களுக்குரிய வாழப்பாடி மைதானம் 2020-இல் திறக்கப்பட்டது. ஒசூரிலிருந்து சின்னசாமி அரங்கம் உள்ள தூரத்தைப் போல் வாழப்பாடி நான்கு மடங்குக்கு மேல். சுசுவாடிச் சோதனைச் சாவடியைத் தாண்டி அத்திப்பள்ளி வழியாகப் பெங்களூரு அகாடமிக்குப் பையனை அனுப்புவது ஒசூர்ப் பெற்றோருக்கு எளிது. ஆனால் பயிற்சி பெறும் மாநிலத்தின் பட்டியலில் பெயர் தானாக ஏறிவிடாது. பிறப்பு, குடியிருப்பு, படிப்பு, வேலை என ஏதாவதொன்றின் ஆதாரம் வேண்டும். ஒரு சங்கத்தில் பதிந்தவர் மற்றொன்றுக்குப் போகத் தடையில்லாச் சான்று வேண்டும். தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே தெருவில் பேசப்படும் ஊரில், பதினாறு வயதில் எடுக்கும் இந்த முடிவுதான் உண்மையான டிராஃப்ட்.

எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடக பிரீமியர் லீக் 2009-இல் தொடங்கி, 2019-இன் சூதாட்ட வழக்குகளோடு நின்றது. 2022-இல் மகாராஜா டிராபி என்ற பெயரில் மீண்டும் வந்தபோது, வீரர்களை டிராஃப்டில் பிரித்தார்கள். மறு ஆண்டே அணிக்கு 50 லட்சம் வரம்புடன் ஏலத்துக்கு மாறினார்கள். அபினவ் மனோகர் 15 லட்சத்துக்குப் போனார். ஆக இரு மாநிலங்களும் ஒரே ஆண்டில் டிராஃப்டைக் கைவிட்டன.

தற்போதைய நிலை

ஏல முறை தொடர்கிறது. 2024-இல் திண்டுக்கல்லும் 2025-இல் திருப்பூரும் கோப்பையை வென்றன.