காசு விழுங்கிய இரும்பு பொம்மைகள்

போன வருஷம் எங்கள் வீட்டில் ஆச்சியின் மண் உண்டியலை உடைத்தோம். என் காலேஜ் பீஸுக்கு ஆகட்டும் என்று ஆச்சியே எடுத்துக் கொடுத்தாள். உள்ளே பாதிக்குப் பாதி 25 பைசா! அது 2011 ஜூன் 30 முதல் செல்லாத காசு. "அப்போ நான் சேத்ததெல்லாம் வீணாய்யா?" என்றாள். பி.காம் படிக்கிற எனக்குப் பதில் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் உண்டியல்களைப் பற்றித் தேடிப் படித்தேன். அப்படிக் கண்ணில் பட்டவை அமெரிக்காவின் வார்ப்பிரும்பு உண்டியல்கள். காசு போட்டால் வித்தை காட்டும் பொம்மைகள் இவை. 1869-ல் ஜான் ஹால் என்பவர் பேட்டன்ட் வாங்கிய 'எக்ஸெல்சியர்' இவற்றில் மூத்தது. வீடு மாதிரி இருக்கும். இழுத்தால் கூரை திறந்து ஒரு கேஷியர் எழுந்து வருவான். அவன் முன்னால் காசை வைத்தால் அந்தக் கனத்தில் உள்ளே போய்விடுவான். ஸ்பிரிங், சாவி எதுவும் வேண்டாம்.

அதே ஹாலின் 1873 பொம்மை இன்னும் சுவாரசியம். நாற்காலியில் ஒரு குண்டு மனிதன். கையில் காசை வைத்தால் பையில் போட்டுக்கொண்டு தலையாட்டுவான். நியூயார்க்கின் 'டமனி ஹால்' அரசியல்வாதிகளைக் கிண்டல் செய்தது இது. அவர்களின் தலைவர் வில்லியம் ட்வீட் ஊழல் வழக்கில் தண்டனை பெற்றதும் அதே 1873-ல்தான். குழந்தைக்குச் சேமிப்பு சொல்லித்தர லஞ்சப் பேர்வழி!

எல்லாமே சிரிக்கிற விஷயம் இல்லை. 1882-ல் சீனர்களை அமெரிக்காவுக்குள் வரவிடாமல் தடுக்கச் சட்டம் வந்தது. அதே வருஷம் சீனரைச் சீட்டாட்டத்தில் ஏமாற்றுகிறவராகக் காட்டும் உண்டியலும் வந்தது. கறுப்பினத்தவரின் முகத்தைக் கோரமாக்கி, காசை விழுங்கவைத்த பொம்மைகள் பல காலம் விற்றன. சேமிப்போடு சேர்த்து வெறுப்பையும் பிள்ளைகள் கற்றார்கள்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். அதே 1882-ல்தான் இந்தியாவில் தபால் ஆபீஸ் சேமிப்பு வங்கி தொடங்கியது. இங்கே தூத்துக்குடியில் 1921-ல் 'நாடார் வங்கி' பிறந்தது. 1962-ல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் பாங்க் ஆனது. வியாபாரத்தில் கொஞ்சம் ஒதுக்கிப் பொதுவில் சேர்க்கும் 'மகமை' பழக்கம் நாடார் வியாபாரிகளிடம் அதற்கு முன்பே இருந்தது. உண்டியலுக்கும் வங்கிக்கும் வித்தியாசம் இதுதான்: உண்டியலில் காசு தூங்கும், வங்கியில் அது வேறொருவர் கடைக்கு முதலாகப் போய், வட்டியோடு திரும்பும்.

ஆச்சி மறுபடியும் ஒரு மண் உண்டியல் வாங்கிவிட்டாள். கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் உடைத்து தபால் ஆபீஸில் போடுவது என்று எங்களுக்குள் ஒப்பந்தம். அந்த 25 பைசாக்களை மட்டும் எனக்கே கொடுத்துவிட்டாள். அதில் ஒன்று இப்போது என் அக்கவுண்டன்சி புத்தகத்துக்குள் இருக்கிறது.