ஊரே திரண்டால் நாடு கடத்தலை நிறுத்த முடியுமா? ஆஸ்திரேலியாவின் பிலோயீலா தமிழ்க் குடும்பம் சொல்லும் பதில்

அதிகாலையில் கதவைத் தட்டும் அதிகாரிகள், எதிர்த்து ரோட்டில் நிற்கும் மக்கள். 2025 ஜூனில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் குடியேறிகளைப் பிடிக்க ரெய்டு நடந்தபோது இதைத்தான் பார்த்தோம். போராட்டத்தைச் சமாளிக்க அதிபர் டிரம்ப் சுமார் 4,000 தேசியக் காவல் படையினரையும் 700 மரைன் படை வீரர்களையும் இறக்கினார். ரெய்டுகள் நிற்கவில்லை.

அப்போ, மக்கள் தெருவில் இறங்கி என்ன பயன்? இந்தக் கேள்விக்கு விடை தேட, ஒரு தமிழ்க் குடும்பத்துக்காக ஆஸ்திரேலியாவில் நான்கு வருடங்களுக்கு மேல் நடந்த போராட்டத்தைப் பார்த்தாலே போதும்.

யார் இந்தக் குடும்பம்?

இலங்கைத் தமிழர்களான நடேஸ் 2012-லும், பிரியா 2013-லும் தனித்தனியாகப் படகில் ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தார்கள். 2014-ல் அங்கேயே திருமணம். குயின்ஸ்லாந்து மாநிலத்தில் உள்ள பிலோயீலா என்ற சின்ன ஊரில் குடியேறினார்கள். மக்கள்தொகை சுமார் 6,000. கொல்லிமலையில் நம்ம ஆலத்தூர் நாடு மாதிரி, யார் வீட்டில் என்ன நடந்தாலும் எல்லாருக்கும் தெரிந்துவிடும் ஊர்.

நடேஸுக்கு அங்குள்ள இறைச்சி ஆலையில் வேலை. பிரியா சமைத்த கறியை உள்ளூர் மருத்துவமனை ஊழியர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். 2015-லும் 2017-லும் இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தார்கள்.

2018 மார்ச் 5 அன்று என்ன நடந்தது?

பிரியாவின் தற்காலிக விசா முடிந்த மறுநாள். விடியற்காலை 5 மணிக்கு எல்லைப் படை அதிகாரிகள் வீட்டுக்கு வந்தார்கள். சாமான் எடுத்துவைக்கக் கொஞ்ச நேரம்தான் கிடைத்தது. நான்கு பேரையும் மெல்போர்ன் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். சின்னக் குழந்தைக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை.

குழந்தைகள் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர்கள்தானே என்று கேட்கலாம். 1986 ஆகஸ்ட் 20-க்குப் பிறகு அங்கே பிறந்தால் மட்டும் குடியுரிமை வந்துவிடாது. தாய், தந்தையில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தர விசா உள்ளவராகவோ இருக்க வேண்டும். படகில் வந்தவர்களின் பிள்ளைகள், அங்கேயே பிறந்திருந்தாலும், சட்டத்தின் பார்வையில் அனுமதி இல்லாமல் கடல் வழியாக வந்தவர்கள்தான்.

ஊர் என்ன செய்தது?

வழக்கமாகப் போராட்டம் செய்கிறவர்கள் நிறைந்த ஊர் இல்லை பிலோயீலா. பழமைவாதக் கட்சிக்கு ஓட்டுப் போடும் பகுதி. ஆனா பக்கத்து வீட்டுக்காரங்களைத் தூக்கிட்டுப் போனதும் கோபம் வந்தது. 'ஹோம் டு பிலோ' என்ற இயக்கம் தொடங்கியது. ஆன்லைன் மனுவில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். பல நகரங்களில் மெழுகுவத்தி ஏந்தி நின்றார்கள். ஆளும் கூட்டணியைச் சேர்ந்த பார்னபி ஜாய்ஸ், வலதுசாரி வானொலித் தொகுப்பாளர் ஆலன் ஜோன்ஸ் போன்றவர்களே, இவர்களை விட்டுவிடலாம் என்று வெளிப்படையாகப் பேசினார்கள்.

விமானத்தை நிறுத்தியது யார்?

2019 மே மாதத்தில் உயர் நீதிமன்றம், அதாவது அந்த நாட்டின் உச்சபட்ச நீதிமன்றம், மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது. ஆகஸ்ட் 29 இரவு நான்கு பேரையும் இலங்கைக்கு அனுப்ப விமானத்தில் ஏற்றினார்கள். செய்தி பரவி, மெல்போர்ன் விமான நிலையத்தில் ஆதரவாளர்கள் திரண்டார்கள்.

விமானம் கிளம்பிவிட்டது.

அது பறந்துகொண்டிருந்தபோதே வழக்கறிஞர்கள் நீதிபதி ஒருவரைத் தொலைபேசியில் பிடித்து இடைக்காலத் தடை வாங்கினார்கள். விமானம் டார்வினில் இறங்கியது. சின்னக் குழந்தையின் பாதுகாப்புக் கோரிக்கையை முறையாகப் பரிசீலிக்கவே இல்லை என்பதுதான் வாதம். 2020 ஏப்ரலில் ஃபெடரல் நீதிமன்றம் குழந்தைக்கு நடைமுறை நியாயம் மறுக்கப்பட்டது என்று தீர்ப்பளித்தது.

ஆனா ஒன்றைக் கவனிக்கணும். கோர்ட் பார்த்தது அரசு சரியான முறைப்படி முடிவெடுத்ததா என்பதைத்தான். குடும்பம் அங்கே இருக்கலாமா என்பதை அது முடிவு செய்யவில்லை. நாடு கடத்தல் நின்றதே தவிர, விடுதலை கிடைக்கவில்லை. டார்வினிலிருந்து அவர்களைக் கிறிஸ்துமஸ் தீவுக்குக் கொண்டுபோனார்கள். பெர்த் நகரிலிருந்து 2,600 கி.மீ. தள்ளி இந்தியப் பெருங்கடலில் இருக்கும் தீவு அது. ஆதரவாளர்கள் நினைத்தாலும் எளிதில் போய் நிற்க முடியாத இடம்.

அரசின் வாதம் என்ன?

2013-ல் மட்டும் சுமார் 20 ஆயிரம் பேர் படகில் ஆஸ்திரேலியா வந்தார்கள். அந்தக் காலகட்டத்தில் நூற்றுக்கணக்கானோர் கடலில் இறந்தார்கள். அந்த வருடம் செப்டம்பரில் படகுகளைத் தடுக்கும் ராணுவத் தலைமையிலான நடவடிக்கை தொடங்கியது. அதை நடத்திய அமைச்சர் ஸ்காட் மாரிசன்தான் பின்னாளில் பிரதமர் ஆனார்.

அரசு சொன்னது இதுதான்: இவர்கள் அகதிகள் இல்லை என்று அதிகாரிகள் முடிவு செய்துவிட்டார்கள், நீதிமன்றங்கள் அதை மாற்றவில்லை. ஒரு குடும்பத்துக்கு விலக்கு கொடுத்தால் ஆள் கடத்துபவர்கள் அதையே விளம்பரமாக்கி மறுபடி படகு விடுவார்கள். இந்த வாதத்தை ஏற்ற வாக்காளர்களும் கணிசமாக இருந்தார்கள். கையெழுத்துகளைப் பார்த்தும் அரசு அசையாததற்கு இதுவும் காரணம்.

பிறகு எப்படி வீடு திரும்பினார்கள்?

2021 ஜூனில் சின்னக் குழந்தைக்கு ரத்தத்தில் தொற்றும் நிமோனியாவும் ஏற்பட்டு, தீவிலிருந்து பெர்த் மருத்துவமனைக்கு விமானத்தில் கொண்டுபோனார்கள். மருத்துவமனைக் கட்டிலில் குழந்தை அழும் படம் நாடு முழுக்கப் பரவியது. சில நாட்களில் குடும்பம் பெர்த் நகரில் ஒன்றாக வசிக்க அனுமதி வந்தது. பிலோயீலாவுக்குப் போக மட்டும் அனுமதி இல்லை.

2022 மே 21 தேர்தலில் மாரிசன் அரசு தோற்றது. இவர்களை ஊருக்கு அனுப்புவோம் என்று முன்பே சொல்லியிருந்த தொழிலாளர் கட்சி ஜெயித்தது. ஒரே வாரத்தில் அனுமதி. ஜூன் 10-ல் வீடு. ஆகஸ்டில் நிரந்தர விசா.

இதில் ஒரு விஷயம் பாருங்க. பிலோயீலா அடங்கிய ஃபிளின் தொகுதியில் அந்தத் தேர்தலிலும் பழைய ஆளும் கூட்டணிதான் ஜெயித்தது. குடும்பத்துக்காக நின்ற ஊர், அதற்காகக் கட்சி மாறி ஓட்டுப் போட்டதாகச் சொல்ல முடியாது.

சட்டம் மாறியதா?

இல்லை. தடுப்பில் இருப்பவருக்குப் பொதுநலன் கருதி விசா கொடுக்கும் தனிப்பட்ட அதிகாரம் அமைச்சருக்கு உண்டு. கொடுத்தே ஆகணும் என்று கோர்ட்கூடக் கட்டாயப்படுத்த முடியாது. முந்தைய அமைச்சர்கள் கையிலும் அதே அதிகாரம் இருந்தது. நிரந்தர விசா கொடுக்க அவர்கள் அதைப் பயன்படுத்தவில்லை, புதியவர் பயன்படுத்தினார். அவ்வளவுதான்.

அதனால்தான் இந்த வெற்றி மற்றவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. 2023-ல் தற்காலிக விசா வைத்திருந்த சுமார் 19 ஆயிரம் அகதிகளுக்கு நிரந்தர விசாவுக்கு வழி திறந்தது. ஆனால் அவசர நடைமுறையில் நிராகரிக்கப்பட்ட ஆயிரக்கணக்கானவர்கள் விடுபட்டார்கள். அவர்களிலும் தமிழர்கள் உண்டு. அதே வருடம் 22 அகதிப் பெண்கள் மெல்போர்னிலிருந்து கான்பெரா வரை 600 கி.மீ.க்கு மேல் நடந்தே போய் நியாயம் கேட்டார்கள். ஐந்து லட்சம் கையெழுத்து அவர்கள் பின்னால் இல்லை.

தமிழ்நாட்டில் நிலைமை என்ன?

இங்கேயும் அதே எல்லைதான். 100-க்கும் மேற்பட்ட மறுவாழ்வு முகாம்களில் இலங்கைத் தமிழர்கள் வாழ்கிறார்கள். பலர் இங்கேயே பிறந்தவர்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கைத் தமிழர்களுக்கு இடமில்லை. அதை எதிர்த்துப் போராட்டங்கள் நடந்தன. 2021 செப்டம்பர் 8-ல் சட்டப்பேரவையே தீர்மானம் போட்டது. ஆனால் குடியுரிமை மத்திய அரசுப் பட்டியலில் இருக்கிறது. தீர்மானம் கோரிக்கை மட்டுமே, உத்தரவு ஆகாது.

2025-ல் ஒரு நிவாரணம் வந்தது. 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்கள்மீது பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டனை நடவடிக்கை இல்லை என்று மத்திய அரசு அறிவித்தது. தண்டனை பயம் போனது. குடியுரிமை வரவில்லை.

அப்போ போராட்டம் வீணா?

வீண் இல்லை. பிலோயீலாவில் அது மூன்று வேலைகளைச் செய்தது. வழக்கறிஞர்களுக்கு நேரம் வாங்கிக் கொடுத்தது. குடும்பத்தைச் செய்தியிலிருந்து மறையவிடவில்லை. எதிர்க்கட்சியை வாக்குறுதி தர வைத்தது.

செய்ய முடியாதது இரண்டு. ஆட்சியில் இருந்த அரசின் மனதை அது மாற்றவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் என்று சொல்ல ஒரு ஊர் இல்லாதவர்களை அதனால் காப்பாற்ற முடியவில்லை.

தெரிந்த முகத்துக்காக மக்கள் நிற்பார்கள். தெரியாத முகத்தைக் காப்பாற்றச் சட்டம்தான் மாறணும்.