முன்பணமும் சட்டமும்: சிறைக்கதவு எந்தப் பக்கம் திறந்தது?

ராஜபாளையம் பக்கம் நூற்பாலைக்கும் விசைத்தறிக்கும் செங்கல் சூளைக்கும் வேலைக்குப் போகிற குடும்பங்களில் சட்டம் பற்றிப் பேச உட்கார்ந்தால் முதலில் வருகிற கேள்வி இதுதான்: "அட்வான்ஸ் கழியிறதுக்குள்ள வேலையை விட்டா போலீஸ்ல கேஸ் போடுவாங்களா?" முன்பணம் வாங்கிவிட்டு வேலையை விட்டது இன்று குற்றமே அல்ல. ஆனால் அந்த அச்சம் காரணமில்லாமல் வந்ததும் அல்ல. நம் பாட்டன்மார் காலத்தில் அதற்குச் சிறை இருந்தது.

1843இல் ஆங்கிலேய அரசு அடிமை முறையைச் சட்டப்படி கைவிட்டது. ஒரு மனிதனை இன்னொருவரின் உடைமையாக இனி நீதிமன்றம் ஏற்காது என்றது. நிலம் வைத்திருந்தவர்கள் இதனால் பெரிதாகக் கலங்கிவிடவில்லை. அடிமை கடன்காரனாக மாறினான். கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாங்கிய நெல்லும் பணமும் சங்கிலியாயின. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு கண்மாய்ப் பாசன வயல்களில் சேற்றில் இறங்கிய நம் மக்களுக்குச் சொந்த நிலம் இல்லை. நிலமில்லாதவருக்குக் கடன் கொடுப்பவர் நிலக்காரர் மட்டுமே.

16 ஆண்டுகள் கழித்து வந்தது 1859ஆம் ஆண்டின் 13ஆவது சட்டம், வேலை ஒப்பந்த மீறல் சட்டம். கல்கத்தா, சென்னை, பம்பாய் நகர முதலாளிகளுக்காகப் பிறந்து, பிறகு தோட்டங்கள் வரை நீண்டது. முன்பணம் பெற்ற தொழிலாளி வேலையை விட்டுப் போனால் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தலாம். பணத்தைத் திருப்பிக் கொடு, அல்லது வேலையை முடித்துக் கொடு. மறுத்தால் மூன்று மாதம் வரை கடுங்காவல். கூலி கொடுக்காத முதலாளிக்கு அந்தச் சட்டத்தில் எந்தத் தண்டனையும் இல்லை. கடன் பாக்கி என்கிற சிவில் விவகாரம், கடன் வாங்கியவர் உழைப்பாளியாக இருந்தால் மட்டும் குற்றமானது. இந்தச் சட்டம் 1926 வரை உயிரோடு இருந்தது.

ராஜபாளையத்தில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா நூற்பாலை தொடங்கியது 1936இல். கூலியைக் குறித்த காலத்தில் கொடுத்தாக வேண்டும் என்ற ஊதியப் பட்டுவாடா சட்டமும், அண்ணல் அம்பேத்கரின் சுதந்திரத் தொழிலாளர் கட்சியும் பிறந்த ஆண்டும் அதுவே. 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வைத்திருந்தவர் அண்ணல். குறைந்தபட்ச ஊதிய மசோதாவை 1946இல் அவர் அறிமுகப்படுத்தினார், 1948இல் சட்டமானது. பின்னர் அரசியலமைப்பின் 23ஆவது பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்தது. அவரை இட ஒதுக்கீட்டோடு மட்டும் நிறுத்திவிடுபவர்களுக்கு இந்த நான்கு ஆண்டுகளை நினைவூட்டுங்கள்.

தடை இருந்தது, தண்டிக்கத் தனிச் சட்டம் இல்லை. அது வர இன்னும் 25 ஆண்டுகள் ஆயின. நாடே நெருக்கடி நிலையில் உரிமை இழந்து கிடந்த 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து, 1976 பிப்ரவரியில் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டமாக நிறைவேறியது. (அந்த ஆட்சியைப் புகழ இதைச் சொல்லவில்லை.) 1859இன் சட்டத்தை அப்படியே தலைகீழாகப் புரட்டிப் போட்ட சட்டம் இது. கொத்தடிமைக் கடன் செல்லாது. திருப்பிச் செலுத்தத் தேவையில்லை. கொத்தடிமையாக வைத்திருந்தவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை. அபராதம் 2,000 ரூபாய், இன்றும் அதே 2,000 தான். 'இது கொத்தடிமைக் கடன்' என்று தொழிலாளி சொன்னால், இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் கடன் கொடுத்தவரே. அது 15ஆவது பிரிவு.

கொத்தடிமை என்றதும் கால்விலங்கைத் தேடுகிறார்கள் அதிகாரிகள். சட்டம் விலங்கைக் கேட்கவில்லை. முன்பணத்துக்காகவோ, பரம்பரைக் கடமை என்றோ, குறிப்பிட்ட சாதியில் பிறந்ததாலோ ஒருவர் கட்டுப்பட்டு, அதனால் குறைந்தபட்சக் கூலியை இழந்தாலும், வேறு வேலைக்குப் போக முடியாவிட்டாலும், விரும்பிய இடத்துக்குப் போக முடியாவிட்டாலும், தன் உழைப்பைச் சந்தை விலைக்கு விற்க முடியாவிட்டாலும் அவர் கொத்தடிமை. இவற்றில் ஒன்று போதும். ஆம், 'சாதியில் பிறந்ததால்' என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. 1982இல், ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவதே கட்டாய உழைப்பு என்றது உச்ச நீதிமன்றம். பசியும் ஒரு கட்டாயம்தான் என்று ஏற்றது. 1995இல் உச்ச நீதிமன்றம் அமைத்த ஆணையம் தமிழ்நாட்டில் 29 தொழில்களில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கொத்தடிமைகள் இருப்பதாக அறிக்கை தந்தது.

தமிழ்நாட்டு நூற்பாலைகளில் பரவிய 'சுமங்கலித் திட்டம்' இதே சங்கிலியை மறுமுனையில் பிடித்தது. இங்கே முன்பணம் கிடையாது, பின்பணம். மூன்று ஆண்டு விடுதியில் தங்கி உழைத்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகத் தருவோம் என்று நம் பெண்பிள்ளைகளை அழைத்துப் போனார்கள். இடையில் வந்துவிட்டால் பணம் இல்லை. அது சீதனம் அல்ல, அந்தப் பிள்ளை சம்பாதித்த கூலி. மாதக் கூலியை மூன்றாண்டு பிடித்து வைக்க எந்தச் சட்டமும் அனுமதிக்கவில்லை.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து, 29 பழைய சட்டங்களை விழுங்கிவிட்டன. 1936இன் சட்டமும் 1948இன் சட்டமும் அதில் போயின. தொழிற்சங்கங்கள் எதிர்ப்பதற்குக் காரணங்கள் உண்டு. ஆனால் இரண்டு செய்திகளைக் குறித்துக்கொள்ளுங்கள். வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாட்களுக்குள் முழுக் கூலியையும் தர வேண்டும் என்கிறது ஊதியத் தொகுப்பு. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அந்த 29இல் இல்லை. அது அப்படியே நிற்கிறது. முன்பணம் கொடுப்பதே குற்றமா என்று கேட்கும் சிறு தொழில் நடத்துபவர்களுக்கும் பதில் உண்டு: கொடுக்கலாம், கணக்கு எழுதிக் கூலியில் வரம்புக்குட்பட்டுப் பிடிக்கலாம். அதைச் சொல்லி ஆளைப் பிடித்து வைத்தால்தான் குற்றம்.

விருதுநகர் மாவட்டத் தலைநகராக இருந்தாலும் மாவட்ட நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராகவும் வேலை வாங்கியவர் அப்படி அல்லாதவராகவும் இருந்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எச்) பிரிவும் சேர வேண்டும். முதல் தகவல் அறிக்கையில் அது விடுபட்டால் வழக்கு வெறும் கூலித் தகராறாகச் சுருங்கிவிடும். விடுவிக்கப்பட்டவருக்கு உடனடி உதவி 30,000 ரூபாய் வரை உண்டு. ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம் என்ற முழு மறுவாழ்வுத் தொகையோ குற்றவாளி தண்டிக்கப்படுவதோடு கட்டிப் போடப்பட்டிருக்கிறது. வழக்கு இழுத்தடிக்கப்படுவதற்கு ஏழை ஏன் விலை கொடுக்க வேண்டும்?

இன்னொன்று. மாவட்ட அளவிலும் கோட்ட அளவிலும் கண்காணிப்புக் குழு அமைக்கச் சொல்கிறது 13ஆவது பிரிவு. ஒவ்வொன்றிலும் அங்கேயே வசிக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினர் மூவர் உறுப்பினராக இருக்க வேண்டும். உங்கள் கோட்டத்தில் அந்த மூவர் யார், குழு கடைசியாக எப்போது கூடியது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய் கட்டணம்தான்.