தக்களி வட்டும் ஆலயச் சாளரமும்

மிஷன் வரலாற்றைப் படிக்கும் நாம், மிஷனெரிமார் கட்டிய ஆலயங்களையும் பள்ளிகளையும் நன்றியுடன் எண்ணிப் பார்க்கிறோம். அப்பணியினூடே அழிந்துபோனவை எவை எனக் கேட்பதோ அரிது. கனடாவின் மேற்குக் கடற்கரையில் வாழும் கோஸ்ட் சேலிஷ் மக்களின் செதுக்குக்கலை இக்கேள்வியை நம்முன் வைக்கிறது.

இம்மக்களுள் நூல் நூற்றவர் பெண்களே. மலையாட்டு உரோமத்தை நூற்கும்போது தக்களித் தண்டில் மரவட்டு ஒன்றைக் கோத்துச் சுழற்றினர். அவ்வட்டுகள் பலவற்றில் மனித, விலங்கு, பறவை உருவங்கள் செதுக்கப்பட்டிருந்தன. கலையும் அன்றாட உழைப்பும் அங்கே பிரிந்திருக்கவில்லை.

1884இல் கனடா அரசு, 'பாட்லாட்ச்' எனப்படும் கொடைவிழாவைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. அதனை வற்புறுத்தியவருள் மிஷனெரிமாரும் இருந்தனர். 1885இல் நடைமுறைக்கு வந்த தடை 1951 வரை நீடித்தது. விழாவோடு பிணைந்திருந்த கலையும் நலிந்தது. செதுக்கிய பொருள்கள் பல அருங்காட்சியகங்களைச் சென்றடைந்தன.

தடை நீங்கிய மறு ஆண்டில், 1952இல், பிறந்தவர் மஸ்குவியம் குலத்தவரான சூசன் பாயின்ட் அம்மையார். 1981இல் நகைத்தொழில் வகுப்பொன்றில் பயின்று, வெள்ளியில் உருவங்களைப் பொறிக்கத் தொடங்கினார். முன்னோரின் வடிவங்களை அருங்காட்சியகச் சேகரங்களில் தேடிக் கற்றார். பின்னர் அவ்வடிவங்களைக் கண்ணாடி, வெண்கலம், கான்கிரீட் ஆகியவற்றிலும் அமைத்தார். வான்கூவர் விமான நிலையத்தில் அவர் செங்கேதுரு மரத்தில் செதுக்கிய மாபெரும் தக்களி வட்டு நிற்கிறது. கையடக்கமான கருவியின் வடிவம், நாட்டிற்குள் வருவோரை வரவேற்கும் சின்னமாயிற்று.

அதே நகரிலுள்ள ஆங்கிலிக்கன் பேராலயமாகிய கிறிஸ்து ஆலயத்திற்கும் 'ஜீவ விருட்சம்' என்னும் வண்ணக் கண்ணாடிச் சாளரத்தை அவர் வரைந்தளித்தார். பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பங்களினின்று பிரித்து வளர்த்த விடுதிப் பள்ளிகளில் தனக்கிருந்த பங்கிற்காக, 1993இல் அத்திருச்சபை தன் பேராயர் மைக்கேல் பியர்ஸ் வாயிலாக மன்னிப்புக் கோரியிருந்தது. ஆயினும், சாளரம் ஒன்றினால் பழைய அநீதி தீர்ந்துவிட்டதென நாம் கருதலாகாது. தடையை ஆதரித்தோரின் வழிவந்த சபை, தடுக்கப்பட்டோரின் கையிலிருந்தே இக்கொடையைப் பெறுகிறது. கொடுப்பதையே தன் ஊழியமெனக் கருதிவந்த சபைக்கு, பெற்றுக்கொள்வது மனந்திரும்புதலின் ஒரு பகுதியாகும்.

மரம் கண்ணாடியானதால் மரபு குன்றிவிடவில்லை. மாற்றத்தை அம்மக்களே தெரிந்துகொண்டனர் என்பதில்தான் வேறுபாடு உள்ளது. சுவிசேஷம் ஒரு பண்பாட்டில் வேரூன்றியதா என்று ஆராயும் நாம், அம்மக்களுக்கு அத்தெரிவுரிமை இருந்ததா என்பதையும் சேர்த்தே ஆராய வேண்டும்.