பாட்டு வந்தது, பாடினவன் வந்தானா?

பாட்டுக்குத் தீட்டு கிடையாது. எந்த வீட்டு வாசலையும் அது கேட்காமலே தாண்டிவிடும். பாடினவன்தான் வாசலில் நிற்பான். நமது சங்கீத சரித்திரத்தை எழுதுகிறவர்கள் ராகத்தையும் தாளத்தையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். இந்த வாசற்படியைப் பற்றி அவ்வளவாக எழுதுவதில்லை. கதை எழுதிப் பிழைக்கும் எனக்கு ராகத்தைவிட வாசற்படிதான் முதலில் கண்ணில் படுகிறது. ஆகவே அதைத் தாண்டிய ஓர் இரவைப் பற்றிச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

2018-ஆம் வருஷம் ஜனவரி 6-ஆம் தேதி, சனிக்கிழமை. கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானம். திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக் கலைஞர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற குழுவுக்கு அன்று முதல் மேடை. சாதியில்லாத தமிழர் என்ற அயோத்திதாசப் பண்டிதரின் (1845–1914) எண்ணத்திலிருந்து எடுத்த பெயர் அது. மேடையில் கிதாரும் டிரம்மும் இருந்தன. பக்கத்திலேயே பறையும் சட்டியும் கட்டை மோளமும் இருந்தன. கோட்டும் சூட்டுமாக வந்து நின்றவர்களில் பலர் கானா பாடுகிறவர்கள். அம்பத்தூரிலிருந்து ரெயில் பிடித்துப் போய், நானும் கூட்டத்தில் ஒருவனாக நின்றேன்.

கிதாரும் பறையும் ஒரே மேடையில் நிற்பது அப்படி என்ன அதிசயம் என்று கேட்கலாம். அதற்கு நான் ஏறி வந்த ரெயில் பாதையின் கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

1856-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ரெயில் ஓடிற்று. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரெயில் பாதை அது. இன்றும் பெரம்பூர், வில்லிவாக்கம், அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் என்று மேற்கே போகிறவர்களுக்கு அதுதான் ராஜபாட்டை. அந்தப் பாதை ஓரமாகத்தான் தொழிற்சாலைகள் முளைத்தன. பெரம்பூரில் ரெயில்வே பட்டறை. 1955-இல் ரெயில் பெட்டித் தொழிற்சாலை. அம்பத்தூரில் சைக்கிள் கம்பெனி, 1964-இல் தொழிற்பேட்டை. ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை. வேலை தேடி வந்தவர்கள் மூட்டை முடிச்சுகளோடு தங்கள் பாட்டையும் கொண்டுவந்தார்கள்.

பெரம்பூர்ப் பக்கத்து ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் கிதார் இருந்தது; சனிக்கிழமை ராத்திரி நடனம் இருந்தது. அதே ரெயில் சங்கு காதில் விழுகிற குடிசைப் பகுதிகளில் கானா இருந்தது. இரண்டுக்கும் நடுவே தூரம் சில பர்லாங்குதான். ஆனால் அந்தச் சில பர்லாங்கை எந்த ரெயிலும் கடக்கவில்லை.

கானா என்பது பெரும்பாலும் இரவுப் பாட்டு. சாவு வீட்டில் உடல் கிடக்கிற ராத்திரியில், அழுது ஓய்ந்தவர்கள் தூங்கிவிடாமல் இருக்கவும், போனவனைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லவும், விடிய விடியப் பாடுவார்கள். பதினாறாம் நாள் காரியத்திலும் பாட்டு உண்டு. வாத்தியம் இல்லாவிட்டால் பெஞ்சுப் பலகை போதும். மாநிலக் கல்லூரிக்கும் பச்சையப்பன் கல்லூரிக்கும் போகிற எங்கள் பக்கத்துப் பையன்கள் மின்சார ரெயிலின் தகரச் சுவரிலே தாளம் போட்டு அதே பாட்டைப் பாடிக்கொண்டு போவதைக் கேட்டிருக்கிறேன். ஆபீஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் முகத்தைச் சுளிப்பார். ஆனால் அவர் கால் கட்டைவிரல் செருப்புக்குள் தாளம் போடும்!

இந்த விஷயம் நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் 'கண்ட்ரி' சங்கீதத்தின் தந்தை என்று சொல்லப்படும் ஜிம்மி ராட்ஜர்ஸ் (1897–1933) ரெயிலில் பிரேக் போடும் வேலை பார்த்தவர். இருப்புப்பாதை போட்ட கறுப்பினத் தொழிலாளிகளிடம் பாட்டுக் கற்றவர். தொண்டையை ஏற்றி இறக்கிப் பாடும் 'யோடலிங்' அவருடைய முத்திரை. 1930-இல் அவர் பாடிய ஓர் இசைத்தட்டில் டிரம்பெட் வாசித்தவர், கறுப்பினத்தின் மாமேதை லூயி ஆம்ஸ்ட்ராங். ஆனால் அந்த இசைத்தட்டில் ஒட்டிய காகிதத்தில் ஆம்ஸ்ட்ராங்கின் பெயர் இல்லை. வாத்தியம் உள்ளே வந்துவிட்டது. வாசித்தவர் வெளியே நின்றார்.

நம் ஊரிலும் இதுதான் நடந்தது. யோடலிங்கைத் தமிழ்ப் படத்தில் பாடிக் காட்டியவர் ஜே.பி. சந்திரபாபு. அவரே 1958-இல் 'சபாஷ் மீனா'வில் ரிக்ஷாக்காரனாக வந்து சென்னைப் பாஷை பேசிச் சிரிக்க வைத்தார். 1976-இல் 'அன்னக்கிளி' வந்தது. வயல்வெளிப் பாட்டுக்கு இளையராஜா புது உடுப்பு மாட்டினார். 1990-களில் தேவாவின் இசையில் கானா பட்டிதொட்டியெல்லாம் பரவிற்று. கல்யாண வீட்டில்கூட அந்த மெட்டுக்கு ஆடினார்கள். சாவு வீட்டுத் திண்ணையில் விடிய விடியத் தொண்டை கிழியப் பாடியவர்களில் எத்தனை பேருடைய பெயரை ஆடினவர்கள் அறிவார்கள்?

பறையின் கதை இன்னும் கொஞ்சம் கசப்பானது. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களில் பறையையும் சேர்த்து எண்ணுகிறது. அவ்வளவு பழைய வாத்தியம், பிற்காலத்தில் ஒரு சாதியாரின் கட்டாய வேலையாகிவிட்டது. எனவே சென்ற நூற்றாண்டில், 'சாவுக்குப் பறை அடிக்கமாட்டோம்' என்று மறுத்து எழுந்த சேரிகள் பல உண்டு. அந்த மறுப்புக்காக அடியும் உதையும் வாங்கியவர்கள் உண்டு. அப்படித் தூக்கி எறிந்த வாத்தியத்தை மறுபடியும் எடுக்கலாமா? எடுத்தால் பழைய இழிவும் கூடவே வந்துவிடாதா? இது வெளியார் தீர்ப்புச் சொல்லக்கூடிய வழக்கல்ல. எறிந்தவர்களின் பேரப்பிள்ளைகளே அன்று கீழ்ப்பாக்கத்தில் ஒரு பதில் சொன்னார்கள்: 'யாரும் ஏவி அடிக்கவில்லை, நாங்களாக அடிக்கிறோம்.'

எங்கள் தெருவில் பறைச் சத்தம் கேட்டால் உடனே எழுகிற கேள்வி, 'யார் வீட்டில்?' என்பதுதான். ஜன்னல்கள் சாத்தப்படும், குழந்தைகள் உள்ளே அழைக்கப்படுவார்கள். அன்று அந்த மைதானத்தில் பறை முழங்கியபோது யாரும் அப்படிக் கேட்கவில்லை. குழந்தைகள் அப்பன் தோள்மேல் ஏறிப் பார்த்தார்கள். இந்தக் குழுவின் பாட்டுகள் இட ஒதுக்கீட்டைப் பற்றிப் பேசின. அம்பேத்கரைப் பற்றிப் பேசின. வடசென்னையைப் பற்றிப் பேசின. ஒலிபெருக்கியின் அதிர்ச்சியில் என் காது இரண்டு நாள் அடைத்துக்கொண்டிருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கர்நாடகக் கச்சேரிக்குப் பழகின காது! ஆனாலும் மனசு அடைக்கவில்லை.

அந்தக் குழுவில் இசைவாணி என்ற ஒரே ஒரு பெண். ஆண்களே ஆண்டுவந்த கானாவில் ஒரு பெண்குரல். 2020-இல் பி.பி.சி. வெளியிட்ட உலகின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. பெயர் என்று எழுதும்போதே எனக்கு ஒரு நிறைவு உண்டாகிறது.

அந்தப் பாதையிலுள்ள அரக்கோணத்திலிருந்து வந்த அறிவும் அந்தக் குழுவில் ஒருவர். 2021 மார்ச் மாதத்தில், சந்தோஷ் நாராயணன் இசையில், அறிவு எழுதி, தீ என்ற பாடகியோடு சேர்ந்து பாடிய 'என்ஜாய் எஞ்சாமி' உலகமெல்லாம் போயிற்று. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டியின் வாழ்க்கையை அதில் வைத்திருந்தார். அதே ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகையின் இந்தியப் பதிப்பு அந்தப் பாட்டைக் கொண்டாடியபோது, அட்டையில் அறிவின் படம் இல்லை. பலர் கேள்வி கேட்டார்கள், ரஞ்சித்தும் கேட்டார். பிறகு அறிவின் படத்தோடு இணையத்தில் ஓர் அட்டை வெளிவந்தது.

1930-க்கும் 2021-க்கும் நடுவே தொண்ணூற்றொரு வருஷம். ஆம்ஸ்ட்ராங்கின் பெயர் விட்டுப்போனபோது கடைக்குப் போய்க் கேட்டவர்கள் இல்லை. அறிவின் படம் விட்டுப்போனபோது கேட்டார்கள். கேட்டதும் பதில் வந்தது. வித்தியாசம் அவ்வளவுதான். சரித்திரம் நகர்ந்திருக்கிறதா என்று என்னைக் கேட்டால், அந்த அளவுக்கு நகர்ந்திருக்கிறது என்றுதான் சொல்வேன். அடுத்த தடவை ஒரு பாட்டு உங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டால், வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள்.